கண்ணில் வளரும் சதை: வெயிலில் உழைப்போர் அறிய வேண்டியவை

கடலிலும் வயலிலும் வாழ்நாளைக் கழித்த ஒருவரின் கண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து கருவிழியை நோக்கி, முக்கோண வடிவில், சிவந்த மெல்லிய சதையொன்று படர்ந்திருப்பதைப் பலரில் காணலாம். "கண்ணில் சதை வளருது" என்று எமது கிராமங்களில் இதனைச் சொல்வார்கள். மருந்து எடுத்தீர்களா என்று கேட்டால், "அது கன காலமாய் இருக்குது சுவாமி, ஒன்றும் செய்யாது" என்ற பதிலே அநேகமாகக் கிடைக்கும்.

அந்தப் பதில் பெரும்பாலும் சரியானதே. இந்தச் சதை உயிருக்கு ஆபத்தானதன்று. பலரில் அது பார்வையையும் கெடுப்பதில்லை. ஆயினும் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்கு வெளியே சிலர் நிற்கிறார்கள். சதை கருவிழியின் நடுப்பகுதியை மூடும்வரை காத்திருப்பவர்கள் ஒரு வகையினர். பாமசியில் தாமாக வாங்கிய சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டு, வேறொரு கண்நோயைத் தேடிக்கொள்பவர்கள் இன்னொரு வகையினர். சாதாரண சதை என்று எண்ணிப் புற்றுநோயை வளரவிடுபவர்கள் மூன்றாம் வகையினர். இந்த மூன்று இழப்புகளும் தவிர்க்கக்கூடியவை. அதற்குப் பெரிய பணமோ பெரிய படிப்போ தேவையில்லை. எது எதுவெனப் பிரித்தறியும் சிறிதளவு அறிவும், ஒரு தடவை கண் கிளினிக்குக்குப் போகும் முயற்சியும், தலையில் ஒரு தொப்பியும் போதும். இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது இதுவே.

கண்ணின் மேற்பரப்பு

கண்ணின் முன்புறத்தில் இரு பகுதிகள் தெரிகின்றன. ஒன்று வெள்விழி, மற்றது கருவிழி. வெள்விழியின் மேலாகவும் இமைகளின் உட்புறமாகவும் ஈரமான, கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. கண் சிவக்கும்போது நாம் காணும் இரத்தக் குழாய்கள் இந்தச் சவ்வில் உள்ளவையே. கருவிழியின் மேல் இருப்பதோ முற்றிலும் தெளிந்த ஒரு படலம். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி உள்ளே தெளிவாகப் போகமுடியாது. இப்படலத்தின் அகலம் ஏறத்தாழ 11 முதல் 12 மில்லிமீற்றர் மாத்திரமே.

வெள்ளையும் கறுப்பும் சந்திக்கும் வட்டமான ஓரம் மிகவும் முக்கியமானது. கருவிழியின் மேற்றோலைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கும் மூலக்கலங்கள் அங்கேதான் இருக்கின்றன. அவை நெல்லுக்கு நாற்றுமேடை போன்றவை. வெள்விழியின் சவ்வு எல்லை தாண்டிக் கருவிழிக்குள் வராமல் காக்கும் வேலியும் அவையே. வேலி பழுதடைந்தால் பக்கத்துக் காணியின் பற்றை உள்ளே படர்வதைப்போல, ஓரத்துக் கலங்கள் பழுதடைந்தால் வெள்விழியின் சவ்வு கருவிழிமேல் படரத் தொடங்குகிறது.

இரு சாதாரண வளர்ச்சிகள்

முதலாவது, கருவிழிக்குப் பக்கத்தில், வெள்விழியின் மேல் தோன்றும் சிறிய மஞ்சள் நிறத் தடிப்பு. வைத்தியர்கள் இதனைப் பிங்குவெகுலா என்பர். கொழுப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பார்வைக்குக் கொழுப்புப் போலத் தோன்றினாலும், உண்மையில் வெயிலாலும் வயதாலும் சவ்வின் நார்கள் சிதைந்து திரண்டதனால் உண்டானதே இத்தடிப்பு. இது கருவிழிக்குள் வருவதில்லை. சில வேளைகளில் சிவந்து உறுத்தும். பெரும்பாலும் சிகிச்சை எதுவும் தேவைப்படாது.

இரண்டாவது, நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட முக்கோணச் சதை. இதன் வைத்தியப் பெயர் தெரிஜியம். "சிறு சிறகு" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. சதையின் வடிவத்தைக் கண்டவர்களுக்கு இதன் பொருத்தம் விளங்கும். இது புதிய நோயன்று. பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை இதனை "அர்மம்" என்ற பெயரில் ஐந்து வகையாகப் பிரித்து, கொக்கியால் தூக்கிக் கத்தியால் அகற்றும் முறையையும் விவரிக்கிறது.

இச்சதையைக் கண்புரை என்று எண்ணிக் குழம்புவோர் உளர். கண்புரை என்பது கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை மங்குவதாகும். அது கருமணிக்குப் பின்னால் சாம்பல் அல்லது வெண்மை நிறமாகத் தெரியும். சதையோ கண்ணின் மேற்பரப்பில், இரத்தக் குழாய்களோடு வளர்வது. இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்திருக்கவும் கூடும். எனவே சதை இருக்கிறது என்பதற்காக, பார்வைக் குறைவு முழுவதையும் அதன் தலையில் சுமத்திவிடக் கூடாது.

ஏன் எங்களுக்கு?

1965ஆம் ஆண்டில் கமரன் என்ற வைத்தியர் உலகெங்கும் இந்நோய் பரவியுள்ள முறையை ஆராய்ந்து, நிலநடுக்கோட்டிற்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 37 பாகை வரையுள்ள பட்டியிலேயே இது மிகுதியாகக் காணப்படுகிறது எனக் காட்டினார். இலங்கை 6 முதல் 10 பாகை வடக்கில், அந்தப் பட்டியின் நடுவிலேயே இருக்கிறது.

காரணம் வெயில், குறிப்பாக, கண்ணுக்குப் புலப்படாத ஊதாக்கடந்த கதிர்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் செசப்பீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடிக்கும் 838 தொழிலாளரை ஆராய்ந்தவர்கள், ஒவ்வொருவரும் வாழ்நாளில் எவ்வளவு வெயிலைக் கண்ணில் வாங்கினார் என்பதைக் கணக்கிட்டனர். 1989இல் வெளிவந்த அவ்வாய்வு, கதிரை அதிகம் வாங்கியவர்களுக்கே சதை வளர்ச்சியும் அதிகம் என்பதைக் காட்டியது. கடற்றொழிலாளரின் கண் பற்றிய இந்த ஆய்வு மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் நன்கு பொருந்தும்.

எமது அயலில் நடந்த ஆய்வுகளும் இதனையே சொல்கின்றன. தமிழ்நாட்டில் சென்னை நகரிலும் அதனை அண்டிய கிராமங்களிலும் 40 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 7,800 பேரைப் பரிசோதித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 9 அல்லது 10 பேருக்குத் தெரிஜியம் இருந்தது. நகரத்தவரைவிடக் கிராமத்தவரிடமே இது அதிகம் காணப்பட்டது. மியன்மாரின் மெய்க்டிலா மாவட்டத்துக் கிராமங்களில் 2005இல் நடந்த ஆய்விலோ, 40 வயதுக்கு மேற்பட்டோரில் ஐவரில் ஒருவருக்கு இச்சதை இருந்தது. வெளியில் வேலை செய்வோரே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தனர்.

சதை ஏன் மூக்குப் பக்கத்திலேயே அதிகம் தோன்றுகிறது என்ற கேள்வி எழலாம். சிட்னி நகரின் கண் வைத்தியர் மினாஸ் கொரோனியோ 1993இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். காதுப் பக்கமாகச் சரிந்து வரும் வெயிலைக் கருவிழியின் வளைவு ஒரு வில்லையைப்போல ஒடுக்கி, எதிர்ப்புறமான மூக்குப் பக்கத்து ஓரத்தில் குவிக்கிறது. அங்கே கதிரின் செறிவு ஏறத்தாழ 20 மடங்கு வரை கூடுகிறது. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காய்ந்த இலையைக் கருக்கும் சிறுவர் விளையாட்டை நாம் அறிவோம். ஏறக்குறைய அதுவே எமது கண்ணின் ஓரத்திலும் நாள்தோறும் நடக்கிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியைத் தடுக்காத சிறிய கண்ணாடிகள் முழுப் பாதுகாப்புத் தராததற்கும் இதுவே காரணம்.

வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி உலர்ந்த கடற்கரை மணல் ஊதாக்கடந்த கதிரில் ஏறத்தாழ 15 சதவீதத்தையும், கடல் நுரை ஏறத்தாழ 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. கரைவலை இழுப்பவர் மேலிருந்தும் கீழிருந்தும் வெயிலை வாங்குகிறார். உப்பளத்தில் நிற்பவருக்கும், நீர் நிறைந்த வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் அதே நிலைதான். காற்றும் தூசியும் புகையும் கண்ணை உலர்த்தி உறுத்துவதனால் நிலைமையை மேலும் மோசமாக்குகின்றன.

ஆகவே இதனை விதியென்றோ, உடல் சூட்டினால் வந்ததென்றோ கொள்ளத் தேவையில்லை. பெருமளவில் இது உழைப்பினால் வந்த நோய். நிழலில் இருப்போருக்குச் சோறும் மீனும் உப்பும் தருபவர்களின் கண்களிலேயே இது வளர்கிறது.

எப்போது வைத்தியரிடம் போவது?

சதை சிறிதாக, கருவிழியின் ஓரத்தில் மட்டும் இருந்து வருடக்கணக்கில் மாறாதிருந்தால் அவசரமில்லை. ஆனால் ஒரு தடவையாவது கண் வைத்தியரிடம் காட்டி, அது எதுவென உறுதிசெய்துகொள்ள வேண்டும். உறுத்தலுக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகள் உதவும். பின்வரும் நிலைகளில் சத்திரசிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும்: சதை கருமணியை நெருங்கும்போது, அது கருவிழியின் உருண்டை வடிவத்தை இழுத்து மாற்றுவதனால் உருவங்கள் கோணலாகவோ மங்கலாகவோ தெரியும்போது, அடிக்கடி சிவந்து வலிக்கும்போது, கண்ணை அசைப்பதில் தடை ஏற்படும்போது.

சத்திரசிகிச்சைக்குப் பலர் பின்வாங்குவது, "வெட்டினால் திரும்பவும் வளரும்" என்ற பேச்சினால் ஆகும். அந்தப் பேச்சு வெறும் கதையன்று. முற்காலத்தில் சதையை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தவர்களுள் பலருக்கு அது மீண்டும் வளர்ந்தது. சில வேளைகளில் முன்னையதைவிட வேகமாகவும் தடிப்பாகவும் வளர்ந்தது. களையைப் பிடுங்கிய இடத்தில் எதையும் நடாமல் விட்டால் மறுபடியும் களையே முளைக்கும் என்பது கமக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்று நல்ல முறை வேறு. சதையை அகற்றிய இடத்தில், அதே கண்ணின் மேல் இமைக்குக் கீழே மறைந்திருக்கும் நல்ல சவ்விலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து ஒட்டுகிறார்கள். மேல் இமை மூடியிருப்பதனால் அந்தச் சவ்வு வெயில் காணாதது. 1985இல் அமெரிக்க வைத்தியர் கென்யனும் அவரது சகாக்களும் 57 கண்களில் இதனைச் செய்து வெளியிட்டபோது, 3 கண்களில் மட்டுமே சதை மீண்டும் வளர்ந்திருந்தது. ஒட்டைப் பொருத்த நுண்ணிய நூல் பயன்படும். சில இடங்களில் இரத்தத்திலிருந்து பெறப்படும் உயிர்ப் பசையும் பயன்படுத்தப்படுகிறது. மைற்றோமைசின் என்ற மருந்தைச் சில வைத்தியர்கள் சத்திரசிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்துவதும் உண்டு. அது பலன் தருவதே. எனினும் அளவு மீறினால் வெள்விழியையே கரைத்துவிடக் கூடியது. ஆகவே அது வைத்தியரின் கண்காணிப்பிலன்றிக் கையாளக் கூடாத மருந்தாகும்.

சத்திரசிகிச்சை கண்ணை மட்டும் விறைக்கச் செய்தே நடைபெறும். பெரும்பாலோர் அன்றைக்கே வீடு திரும்பலாம். ஆனால் அதன்பின் சில வாரங்கள் சொட்டு மருந்து விடவேண்டும். தூசியிலும் வெயிலிலும் கடல்நீரிலும் படாமல் கண்ணைக் காக்க வேண்டும். சொன்ன திகதிகளில் கிளினிக்குக்குப் போகவேண்டும். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் அன்றாடம் உழைத்து உண்பவருக்கு அந்த வாரங்களின் வருமான இழப்பே உண்மையான செலவு. இதனை வைத்தியர் தீர்க்கமுடியாது, ஊர்தான் தீர்க்கவேண்டும். தொழில் குறைந்த காலத்தை முன்கூட்டியே தெரிந்து திகதி எடுப்பதும், சங்கத்தின் சேமிப்பிலிருந்து அந்த நாட்களுக்குக் கைகொடுப்பதும் நடைமுறைக்கு ஏற்ற வழிகளாகும்.

விடக்கூடாதவை

தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைப் பூச்சாறு, பச்சிலைச் சாறு என்று பலவற்றை மக்கள் கண்ணில் விடுகிறார்கள். நல்லெண்ணத்தோடு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த பழக்கங்கள் இவை. அவற்றைக் கேலி செய்வது எமது நோக்கமன்று. ஆனால் வளர்ந்த சதையை இவற்றுள் எதுவும் கரைக்காது. சுத்திகரிக்கப்படாத எந்தத் திரவத்தோடும் கிருமிகளும் பூஞ்சணமும் கண்ணுக்குள் போகலாம். கருவிழியில் புண் வந்து ஆறினால் வெள்ளைத் தழும்பு மிஞ்சும். சதையால் போகாத பார்வை அந்தத் தழும்பால் போய்விடும்.

இதனிலும் பெரிய ஆபத்து, பாமசியில் துண்டில்லாமல் வாங்கும் சொட்டு மருந்து. கண் சிவப்பை விரைவாகக் குறைக்கும் மருந்துகள் சிலவற்றில் ஸ்ரெரோயிட் சேர்ந்திருக்கும். விட்டவுடன் கண் வெளுக்கும், நோயாளி மகிழ்வார், போத்தல் முடிந்ததும் அதே பெயரைச் சொல்லி இன்னொன்று வாங்குவார். இவ்வாறு மாதக்கணக்கில் விடும்போது சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் கூடி, குளுக்கோமா என்னும் நோய் உண்டாகிறது. அது வலியில்லாமல், ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும். அவ்வாறு இழந்த பார்வையை எந்தச் சத்திரசிகிச்சையாலும் மீட்கமுடியாது. இம்மருந்து நெடுங்காலம் விட்டால் கண்புரையையும் உண்டாக்கும். வைத்தியர் குறிப்பிட்ட நாட்களுக்கு மேலாக எந்தச் சொட்டு மருந்தையும் தொடர வேண்டாம். ஒருவருக்குக் கொடுத்த மருந்தை மற்றவர் விடவும் வேண்டாம்.

சதை போலத் தோன்றும் புற்றுநோய்

வெள்ளையும் கறுப்பும் சந்திக்கும் அதே ஓரத்தில், அதே வெயிலினால், வேறொரு வளர்ச்சியும் தோன்றலாம். ஆரம்பத்தில் மேற்பரப்புக் கலங்கள் மட்டும் நிலைமாறி, பின்னர் ஆழத்துக்கு இறங்கிப் புற்றுநோயாக மாறும் வளர்ச்சி இது. சாதாரண சதையோடு ஒப்பிட்டால் இது மிக அரிது. ஆனால் தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிவது எப்போதும் எளிதன்று. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் தெரிஜியம் எனக் கருதி அகற்றிய 533 சதைத்துண்டுகளை நுணுக்குக்காட்டியால் பரிசோதித்தபோது, ஏறத்தாழப் பத்தில் ஒன்றில் இந்த மாற்றத்தின் ஏதோவொரு கட்டம் காணப்பட்டது. 2009இல் வெளியான தகவல் இது. குயின்ஸ்லாந்து வெள்ளைத்தோல் மக்கள் கடும் வெயிலில் வாழும் இடமாகையால், அந்த எண்ணிக்கையை அப்படியே எமக்குப் பொருத்த முடியாது. ஆனால் அதன் பாடம் எமக்கும் உரியது: வெட்டி எடுத்த சதையை வீசிவிடாமல் ஆய்வுகூடப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். "எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா, முடிவு என்ன?" என்று மரியாதையோடு கேட்க ஒவ்வொரு நோயாளிக்கும் உரிமை உண்டு.

ஆபிரிக்காவின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1996இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டின்படி, நிலநடுக்கோட்டை ஒட்டிய உகண்டாவில் பத்து இலட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 12 பேருக்கு மேல் கண்ணின் மேற்பரப்புப் புற்றுநோய்க்கு ஆளாயினர். பிரித்தானியாவில் இது 0.2க்கும் குறைவாக இருந்தது. வெயிலோடு எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்தபோது, கிழக்கு ஆபிரிக்காவில் இந்நோய் இளவயதினரையும் அதிகம் தாக்கியது. உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்தோரில் இது வேகமாக வளரும். அதனால் இளவயதில் இந்நோய் கண்டவருக்கு இரத்தப் பரிசோதனையும் செய்யுமாறு வைத்தியர் சொல்லக் கூடும். அதனைப் பழியாக எண்ணவோ, ஊரில் பேசிப் பரப்பவோ கூடாது. அந்தப் பரிசோதனை அவரது உயிரைக் காப்பதற்கானது.

நம்பிக்கை தரும் செய்தியும் ஆபிரிக்காவிலிருந்தே வந்தது. கென்யாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வொன்றில், கட்டியை அகற்றிய பின்னர் ஒரு பகுதியினருக்குப் புளோரோயுராசில் என்ற சொட்டு மருந்தும், மற்றப் பகுதியினருக்கு மருந்தில்லாத சொட்டும் கொடுக்கப்பட்டன. ஓராண்டுக்குள் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும், பெறாதவர்களில் நூற்றுக்கு 36 பேருக்கும் நோய் திரும்பியது. இது நெடுங்காலமாக வழக்கிலுள்ள, விலை அதிகமில்லாத மருந்து. நேரகாலத்தோடு வந்தால் கட்டியைச் சுற்றியுள்ள நல்ல பகுதியில் சிறிதளவோடு சேர்த்து அகற்றி, ஓரங்களைக் குளிரால் உறையவைத்துக் கண்ணைக் காப்பாற்றலாம். தாமதித்தால் கண்ணையே எடுக்க நேரிடும். அதற்கும் மேலாகத் தாமதித்தால், காதின் முன்னும் கழுத்திலுமுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் நோய் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

பின்வரும் அடையாளங்கள் எதையாவது கண்டால், அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்காமல் கண் வைத்தியரிடம் போகவேண்டும்:

• வருடக்கணக்கில் அன்றி, வாரங்களிலோ சில மாதங்களிலோ வேகமாகப் பெருக்கும் சதை.
• சிறகு வடிவில் தட்டையாக இல்லாமல், மேடாகவோ பாகு போலவோ பூக்கோவா போன்ற முகப்போடோ தோன்றும் வளர்ச்சி.
• மேலே சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைத் திட்டு.
• தடித்த, முறுக்கிய இரத்தக் குழாய்கள் ஓர் இடத்தை நோக்கி ஓடுதல், இரத்தக் கசிவு.
• முன்னர் சத்திரசிகிச்சை செய்த இடத்தில் திரும்பவும் வளர்தல்.
• வெள்விழியில் புதிதாகத் தோன்றிய, அல்லது பெரிதாகிவரும் கறுப்பு, கபிலநிறப் புள்ளி. பிறந்ததிலிருந்து மாறாத மச்சம் பெரும்பாலும் தீங்கற்றது. மாறுவதே கவனிக்க வேண்டியது.
• இளஞ்சிவப்பான, வலியில்லாத, வழவழப்பான தடிப்பு.

சிறுவர்களின் கண்களைப் பற்றியும் ஒரு சொல். பிறவியிலேயே கருவிழியின் ஓரத்தில், அநேகமாகக் கீழ்ப்புறத்தில், வெண்மையான சிறு கட்டி இருக்கலாம். சில வேளைகளில் அதில் மெல்லிய மயிரும் இருக்கும். அது புற்றுநோயன்று. ஆனால் அது பார்வை வளர்ச்சியைத் தடுக்கக் கூடுமாதலால், சிறுவயதிலேயே காட்டவேண்டும். இன்னொன்று, வெள்விழியின் காதுப் பக்கத்தில் சவர்க்கார நுரை போன்ற வெள்ளைத் திட்டு. அது சதையன்று, விற்றமின் ஏ குறைபாட்டின் அடையாளம். 1863இல் இதனை விவரித்த பிரெஞ்சு வைத்தியர் பித்தோவின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அந்திநேரத்தில் பிள்ளை தட்டித் தடுமாறி நடந்தால் ஐயம் கூடும். அப்பிள்ளையை உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும். முருங்கைக்கீரை, பப்பாசி, பூசணி, முட்டை ஆகியவற்றை வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கவேண்டும்.

கால்நடை வளர்ப்போரும் ஒன்றைக் கவனிக்கலாம். கண்ணைச் சுற்றி நிறமில்லாத வெள்ளைத் தோலுள்ள மாடுகளுக்கு, வெயிலினால் இதே வகைக் கண் புற்றுநோய் வருகிறது. வெள்ளை முகமுடைய ஹெரபோட் இனத்தில் இது நன்கு அறியப்பட்டது. மாட்டின் கண்ணில் ஆறாத புண்ணோ கட்டியோ கண்டால் மிருக வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

தொப்பியின் பெறுமதி

அகன்ற விளிம்புள்ள ஒரு தொப்பி கண்ணில் விழும் ஊதாக்கடந்த கதிரை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. எமது முன்னோர் வயலில் அணிந்த பனையோலைத் தொப்பி வறுமையின் சின்னமன்று. அது நல்ல மருந்து. தலையில் துவாய் கட்டுவது உச்சியைக் காக்கும். ஆனால் நெற்றிக்கு முன்னால் நிழல் தராதபடியால் கண்ணைக் காக்காது.

கண்ணாடி வாங்கும்போது அதன் கறுப்பு நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஊதாக்கடந்த கதிரைத் தடுப்பது நிறமன்று. "யூ.வி. 400" என்ற குறிப்பு உள்ளதா எனக் கேட்டு வாங்கவேண்டும். பக்கங்களையும் மூடும் வளைந்த வடிவமே சிறந்தது. நிறமில்லாத பொலிகாபனேற் பாதுகாப்புக் கண்ணாடியும் இக்கதிரைத் தடுக்கும். அதிகாலை மங்கலிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு அது பொருத்தமானது. தூசியிலிருந்தும் கண்ணைக் காக்கும். வெல்டிங் வேலை செய்வோர் உரிய முகமூடியின்றி ஒரு நிமிடமும் வேலை செய்யக் கூடாது.

சிறுவயதில் வாங்கிய வெயிலும் கணக்கில் சேரும். ஆகவே தந்தையோடு கரையில் நிற்கும் மகனுக்கும், தாயோடு மிளகாய்த் தோட்டத்தில் நிற்கும் மகளுக்கும் இப்போதே தொப்பி வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் மனம் வைத்தால், ஒரு வருடத்துக்குள் மூன்று காரியங்களைச் செய்துவிடலாம். முதலாவது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி, 40 வயதுக்கு மேற்பட்ட எல்லோரின் கண்களையும் ஒரு நாளில் பரிசோதிக்க ஒழுங்கு செய்தல். சதை மட்டுமன்றிக் கண்புரையும் குளுக்கோமாவும் அன்றே வெளிப்படும். இரண்டாவது, சிகிச்சை தேவைப்படுவோரைத் தனித்தனியே அலையவிடாமல், குழுவாக ஆதார வைத்தியசாலைக்கோ போதனா வைத்தியசாலைக்கோ அழைத்துச் சென்று, ஓய்வு நாட்களுக்கு உதவுதல். மூன்றாவது, பனையோலைத் தொப்பி பின்னும் பெண்களிடம் சங்கமே மொத்தமாக வாங்கி, உறுப்பினருக்கு வழங்குதல். ஒரு கை உழைப்பு இன்னொருவரின் கண்ணைக் காப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இக்கேள்விகளைக் கலந்துரையாடிப் பாருங்கள்:

1. எமது ஊரில் கண்ணில் சதை உள்ளவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேர் ஒரு தடவையாவது கண் வைத்தியரிடம் காட்டியிருக்கிறார்கள்?
2. துண்டில்லாமல் வாங்கிய சொட்டு மருந்தைத் தொடர்ந்து விடுபவர்கள் எம்மிடையே உண்டா? அவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?
3. சத்திரசிகிச்சைக்குப் போகும் ஒருவரின் குடும்பத்துக்குச் சில வாரங்கள் கைகொடுக்க எமது சேமிப்பில் இடமுண்டா?
4. எமது பிள்ளைகள் எத்தனை பேர் தொப்பியின்றி வெயிலில் நிற்கிறார்கள்?